உன் வரிகளுக்கு நடுவே ஒரு வரி

அன்பு மகேசு,

வடக்கனந்தலில் மூன்று நாளாக விடாத மழை. உன் நாற்காலியில் ஈரத் துணியைப் போட்டிருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அது வெறுமனே கிடப்பதைப் பார்க்க முடியவில்லை.

சாதாரணக் காய்ச்சல் என்றுதான் உன்னைக் கள்ளக்குறிச்சியில் சேர்த்தோம். “லேப்டாப்ப எடுத்தாந்துடு மாமா, படுத்துக்கினே வேலைய பாத்துடறேன்” என்றாய். நான் எடுத்து வருவதற்குள் உன்னை ஐ.சி.யூ.வுக்குள் கொண்டுபோய்விட்டார்கள். அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருந்தேன். நீ அதைத் திரும்பக் கேட்கவே இல்லை.

கல்யாணமானதும் நாம் இருவரும் சேர்ந்து செய்த ஜீப் முன்பதிவு இணையதளம் இன்னும் ஓடுகிறது. கல்வராயன் மலையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் அதில் சீட் போடுகிறார்கள். பாஷா பாயும் மற்ற டிரைவர்களும் போய் ஏற்றி வருகிறார்கள்.

அதை எழுதும்போது நாம் போட்ட சண்டை நினைவிருக்கிறதா? பயணத்தைப் பதிவு செய்கிற வேலைக்கு நிரலில் ஒரு ஃபங்ஷன். அதற்கு நான்கு விவரங்கள் கொடுக்க வேண்டும்: பயணி, ஏறும் இடம், இறங்கும் இடம், நேரம். நான் நான்கையும் வரிசையாக அடுக்கிவிட்டுப் போய்விடுவேன். நீ ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி வரி எடுத்து, முதலில் அதன் பெயரைச் சொல்லி, அப்புறம்தான் விவரத்தைக் கொடுப்பாய்.

“இன்னாத்துக்கு இவ்ளோ ஜாஸ்தியா டைப் பண்ணிக்கினு கீற? வரிசை தெரிஞ்சா போதாதா?” என்று கேட்டேன்.

“ரெண்டுமே ஊர் பேரு மாமா. வெள்ளிமலை, கள்ளக்குறிச்சின்னு சும்மா எழுதி வச்சா, எங்க ஏறணும், எங்க எறங்கணும்னு படிக்கிறவங்களுக்கு இன்னா தெரியும்? மாறிப்போச்சுன்னா ஜீப்பு இங்க நிக்கும், நோயாளி அங்க நிப்பாங்க.”

அதோடு விட்டாயா? விவரங்களுக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறியையும் போட்டு வைத்தாய். அப்புறம் பெயர் சொல்லாமல் கொடுத்தால் அந்த ஃபங்ஷன் எதையும் வாங்காது. மறுநாள் காலையில் நான் எழுதிய பக்கம் பிழை காட்டியதும், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். அந்தச் சிரிப்பை நான் எங்கே போய்த் தேடுவேன்?

நீ போன பிறகு அந்த நிரல் இருக்கும் கோப்பை நான் தொடவில்லை. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், அதைக் கடைசியாக எழுதியவர் யார் என்று காட்டுமே, அதில் மேலிருந்து கீழ்வரை மகேஸ்வரி, மகேஸ்வரி என்றே இருக்கிறது. நான் கை வைத்தால் அந்த வரியில் என் பெயர் வந்துவிடும். பழைய பதிப்பில் நீ இருப்பாய் என்பது எனக்குத் தெரியாமலில்லை. விரல்தான் கேட்கவில்லை.

போன மாதம் வெள்ளிமலைக்கு அப்பாலிருந்து பொன்னி என்றொரு அம்மா போன் செய்தார். சர்க்கரை நோயில் அவர் கணவருக்கு ஒரு காலை எடுத்துவிட்டார்களாம். வாராவாரம் கட்டு மாற்ற வர வேண்டும்.

“ஜீப்பு ரோட்டு மேலயே நின்னுடுதுங்க. எங்க வூடு உள்ள இருக்குது. இந்த மழைல அவர தூக்கியார ஆளு இல்லீங்க. வூட்டாண்ட வரணும்னு அதுல போட முடியாதுங்களா?”

“பாக்கறேங்க” என்றேன்.

போட முடியும். ஐந்தாவதாக ஒரு விவரம் சேர்த்தால் போதும். எந்த டிரைவர் போவார் என்பது அன்றன்றைக்கு மாறும் என்பதால், பதிவிலேயே இருந்தால்தான் அவர்களுக்குத் தெரியும். கோப்பைத் திறந்தேன். உன் பெயரைப் பார்த்தேன். மூடிவிட்டேன்.

அடுத்த வாரம் பாஷா பாய் பேசினார். “தம்பி, அந்தம்மா அவர முதுகுல சுமந்துகினு வந்துச்சுப்பா. ரெண்டு பேரும் சேத்துல வுழுந்துட்டாங்க. முன்னாடியே தெரிஞ்சிருந்தா நான் உள்ளயே போயிருப்பேன்.”

போனை வைத்துவிட்டுக் கோப்பைத் திறந்தேன். புது விவரம் ஏறும் இடத்துக்கு அடுத்து இருந்தால்தான் படிக்கச் சரியாக இருக்கும். என் வழக்கப்படி எழுதியிருந்தால், நடுவில் ஒன்று நுழைந்ததும் பின்னால் இருப்பதெல்லாம் இடம் தள்ளிப்போகும். அந்த ஃபங்ஷனை அழைக்கிற ஒவ்வொரு பக்கத்திலும் உன் வரிகளைத் திருத்தியிருப்பேன். நீ பெயர் சொல்லி எழுதியிருந்ததால் எதுவும் அசையவில்லை. வீட்டுக்கு வர வேண்டுமா என்று ஒரு வரி சேர்த்தேன். யாரும் சொல்லாவிட்டால் வேண்டாம் என்று அது எடுத்துக்கொள்ளும். பதிவுப் பக்கத்தில் அதற்கு ஒரு கட்டம் வைத்தேன். மற்ற பக்கங்கள் முன்போலவே ஓடின.

மேலே மகேஸ்வரி, கீழே மகேஸ்வரி, நடுவில் நான். மேசையில் தலையை வைத்து அழுதேன். உன்னை எடுத்த அன்றுகூட அப்படி அழவில்லை.

நேற்று பொன்னியம்மா மறுபடியும் பேசினார். “வூட்டாண்டயே வந்து ஏத்திக்கினு போச்சுங்க. ஆமா, அந்தப் பொண்ணு இல்லீங்களா? முன்னல்லாம் அதான போன எடுக்கும்? சாப்டீங்களான்னு கேக்கும்.”

போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டேன். அந்த அம்மாவே தொடர்ந்தார்.

“அதாண்ட சொல்லுங்க, ஜீப்பு வூட்டாண்ட வந்துச்சுன்னு. சந்தோசப்படும்.”

“சொல்றேங்க” என்றேன்.

சொல்லிவிட்டேன் மகேசு. உனக்குக் கேட்கிறதா?

நீ இல்லை என்பதை அந்த அம்மாவிடம் போனில் சொல்ல என்னால் முடியாது. உன்னைக் கொண்டுவந்த நாளிலிருந்து நான் அந்த ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை. அடுத்த வாரம் அவர்கள் கட்டு மாற்ற வரும்போது போகிறேன். வாசலில் நின்று நேரிலேயே சொல்லிவிடுகிறேன். இனிமேல் மலையிலிருந்து யார் எது கேட்டாலும் காக்க வைக்க மாட்டேன். உன் வரியையே அழித்து எழுத வேண்டி வந்தாலும் எழுதிவிடுவேன். நீயும் அதைத்தான் சொல்வாய் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு தடவை உன் வாயால் கேட்க வேண்டும் போலிருக்கிறது.

உன் மாமா,
குமரேசன்