கவருக்குள் இருந்த சாவி

மார்ச் 3, திங்கள்

பிளாஸ்டிக் கோப்பையில் தேநீர் கொடுத்தார்கள். விளிம்பில் யாருடைய கட்டைவிரலோ பட்ட ஈரம். குடிக்கவில்லை.

முதியோர் பகல் மையம் என்று வாசலில் எழுதியிருக்கிறது. முன்பு பூப்பந்து ஆடிய கூடம். தரையில் வெள்ளைக் கோடுகள் இன்னும் அழியவில்லை. கோட்டுக்குள் இருபது நாற்காலிகள், இருபது கிழங்கள். தைல நாற்றம். சுவரில் சிரிக்கும் சூரியன் படம், அதற்குக் கண், மூக்கு, பல். யார் பார்த்து மகிழ?

பொறுப்பாளர் ஐம்பது வயதுப் பெண். எல்லோரையும் "தங்கம்" என்கிறாள். "வாங்க தங்கம். உட்காருங்க தங்கம். பாத்ரூம் போயிட்டு வந்துட்டீங்களா தங்கம்?" எழுபத்தெட்டு வயதில் நான் பாத்ரூம் போனேனா இல்லையா என்று ஒரு கூடமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

ஜனவரியில் தபால் நிலையப் படியில் சறுக்கி மணிக்கட்டை முறித்துக்கொண்டதன் பலன் இது. கட்டுப் பிரித்த அன்றே மகள் தீர்ப்பு சொல்லிவிட்டாள். "ஒண்ணு எங்க வீட்டுக்கு வந்துடு. இல்லன்னா வாரத்துல மூணு நாள் அங்க போ. ஏப்ரல் கடைசியில அவங்க பாத்து, 'இவங்க தனியா இருக்கலாம்'னு எழுதிக் கொடுத்தா நான் வாயே திறக்க மாட்டேன்."

அவள் வாய் திறக்காமல் இருப்பாளாம். பிறந்த நாளிலிருந்து நடக்காத காரியம்.

அவள் வீட்டில் எனக்கு ஒதுக்கிய பின்னறையைப் பார்த்திருக்கிறேன். ஒரு பக்கம் இஸ்திரி மேசை, மறுபக்கம் மாப்பிள்ளை மூன்று நாள் மிதித்துவிட்டுக் கைவிட்ட உடற்பயிற்சி சைக்கிள், அதன்மேல் ஈரத் துண்டுகள். நடுவில் நான்.

போகிறேன். மூன்று நாளும் போகிறேன்.

மார்ச் 5, புதன்

பலூன் தட்டினோம். இதற்குமேல் எழுத விருப்பமில்லை.

மார்ச் 7, வெள்ளி

சீட்டாட்டத்தில் எனக்கு எதிரே ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர். ஒவ்வொரு சீட்டை எடுக்கும்போதும் கட்டைவிரலை நாக்கில் தொடுகிறார். முப்பத்தைந்து வருடம் டிக்கெட் கிழித்த பழக்கமாம். அதே சீட்டு அடுத்த ஆட்டத்தில் என் கைக்கு வருகிறது. ஒவ்வொன்றையும் கைக்குட்டையால் துடைத்தேன்.

"என்னக்கா, சீட்டுக்கு வேர்க்குதா?" என்று கேட்டார். நான்கு மேசையும் சிரித்தது.

அக்கா! எனக்கு இவர் எந்த வழியில் தம்பி? தேநீரை உறிஞ்சுகிற சத்தம் வடிகால் அடைப்பு விலகுவது போல இருக்கிறது.

மார்ச் 10, திங்கள்

உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க பிசியோதெரபிஸ்ட் வந்தாள். கழுத்தில் விசில். இனி அவளை விசில் என்றே குறிப்பிடுகிறேன். ஏப்ரல் கடைசியில் கடிதம் எழுதப்போவது இவள்தான்.

கையை மார்பில் கட்டிக்கொண்டு, அரை நிமிடத்தில் எத்தனை முறை நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார முடிகிறது என்று பார்த்தாள். கண்டக்டர் ஒன்பது. நான் பதின்மூன்று. "எங்க கத்துக்கிட்டீங்க?" என்றாள். கான்வென்டில் பதினோரு வருடம் முதுகு நாற்காலியில் படாமல் உட்கார்ந்திருக்கிறேன். பட்டால் சிஸ்டரின் அடிக்கோல் நடுமுதுகில் படும். அதைச் சொல்லவில்லை. "வீட்டில்" என்றேன்.

அப்புறம் பாய்களை விரித்தார்கள். எல்லோரும் தரையில் படுக்க வேண்டுமாம். விழுந்தால் எப்படி எழுவது என்று பழக்குகிறாள். ஆண்கள் உட்கார்ந்திருக்கிற கூடத்தில், புடவையோடு, குப்புறப் படுத்து நான்கு காலில் தவழ்வதா?

மறுத்துவிட்டேன். விசில் நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டாள்.

மார்ச் 14, வெள்ளி

புதிய அவமானம். தனியாக வசிப்பவர்களை இரண்டிரண்டு பேராகச் சேர்க்கிறார்கள். தினமும் காலை ஏழு மணிக்கு ஒருவர் மற்றவரைத் தொலைபேசியில் அழைக்க வேண்டும். மூன்று முறை அழைத்தும் எடுக்காவிட்டால் நேரில் போய், மாற்றுச் சாவியால் திறந்து பார்க்க வேண்டும். சாவியைக் கவரில் போட்டு, ஒட்டி, ஒட்டிய இடத்தில் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். அவசரம் வந்தாலொழிய பிரிக்கக்கூடாது.

வீடு பக்கத்தில் இருப்பவர்களையே சேர்க்கிறார்கள். என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருப்பவர் யார்?

கண்டக்டரின் அந்த எச்சில் கட்டைவிரல் என் கதவைத் திறப்பதா?

மார்ச் 16, ஞாயிறு

கவரில் என் வீட்டுக்காரருடைய அலமாரிச் சாவியைப் போட்டேன். அவர் போய் ஆறு வருடமாக அந்த அலமாரி திறந்தேதான் கிடக்கிறது, பூட்ட உள்ளே ஒன்றுமில்லை. ஒட்டிய இடத்தில் முழுப்பெயரையும் அழகாக எழுதினேன்.

பொய்யா இது? ஒரு வார்த்தை பேசவில்லையே.

மார்ச் 17, திங்கள்

கண்டக்டர் கவரை இரண்டு கையாலும் வாங்கிச் சட்டைப் பையில் வைத்து, பையைத் தட்டிக்கொண்டார். "பத்திரமா இருக்கும்க்கா." அவருடைய கவரையும் கொடுத்தார். பசை போதாமல் எச்சில் தொட்டு ஒட்டியிருப்பார். வீட்டுக்கு வந்ததும் செய்தித்தாளில் சுற்றி வைத்தேன்.

மார்ச் 18, செவ்வாய்

சரியாக ஏழு மணி.

"அக்கா, இருக்கீங்களா?"

"இருக்கிறேன்."

"ரைட், போலாம்!"

வைத்துவிட்டார். இதற்கு எதற்கு மனிதர்? கடிகாரம் போதாதா?

மார்ச் 24, திங்கள்

பதிவு அலுவலகத்தில் ஓய்வு பெற்ற அன்று கொண்டுவந்த, தாள் புரட்ட விரல் நனைக்கும் ஈரப்பஞ்சு டப்பாவைத் தேடி எடுத்தேன். சீட்டு மேசையில் கண்டக்டர் முன்னால் வைத்தேன். முதல் இரண்டு ஆட்டம் தொட்டார். மூன்றாவது ஆட்டத்தில் பஞ்சைத் தொட்டு, பிறகு நாக்கையும் தொட்டார்.

மார்ச் 28, வெள்ளி

பாய் வகுப்பில் நான் மட்டும் நாற்காலியில். ஒருவருக்கும் சரியாக வரவில்லை. முதலில் பக்கவாட்டில் திரும்ப வேண்டும், முழங்கையை ஊன்ற வேண்டும், அப்புறம்தான் முழங்கால். கண்டக்டர் நேரே எழப் பார்த்துக் கவிழ்ந்த வண்டு மாதிரி உதைத்துக்கொண்டிருந்தார். "முழங்கை! முழங்கை!" என்று இங்கிருந்தே சொன்னேன்.

"இறங்கி வந்து காட்டுங்களேன் அக்கா. மேல உக்காந்துக்கிட்டு எல்லாரும் டிரைவர்தான்."

விசில் சிரிக்கவில்லை. போகும்போது தனியாகக் கூப்பிட்டாள். "தரையிலேருந்து எழுந்திருக்கிறதைப் பாக்காம நான் கடிதம் எழுத முடியாதும்மா. ரூல்."

ரூலாம். நானே முப்பத்தொரு வருடம் ரூல் பேசியவள்.

ஏப்ரல் 2, புதன்

மகள் பின்னறைக்குத் திரைச்சீலை வாங்கிவிட்டாளாம். "சும்மா, ஒரு சேஃப்டிக்கு" என்கிறாள். ஆரஞ்சு நிறம்.

ஏப்ரல் 8, செவ்வாய்

நடந்ததை ஒழுங்காக எழுதிவிடுகிறேன்.

காலை ஆறே முக்காலுக்குக் குளித்து முடித்தேன். துண்டை எடுக்கத் திரும்பினேன். அவ்வளவுதான். இடுப்பு தரையில். தலை படவில்லை. உள்பாவாடையோடு, ஈரத்தில், சோப்பு நுரையில் கிடந்தேன். என்ன அசிங்கம். செத்தாலும் இப்படியா சாகணும் நான்?

ஏழுக்குத் தொலைபேசி மணி அடித்தது. கூடத்தில். நின்றது. மறுபடி. மறுபடி. மூன்று.

பத்து நிமிடத்தில் வாசலில் செருப்புச் சத்தம். "அக்கா! நான்தான். சாவி போடுறேன்."

கவர் கிழிகிற சத்தம் எனக்குக் கேட்டது. கேட்டிருக்க முடியாது. ஆனால் கேட்டது. பூட்டுக்குள் சுரண்டினார். மறுபடி சுரண்டினார்.

"அக்கா, சாவி போகலையே. பூட்டு மாத்துனீங்களா?"

குளியலறை ஜன்னல் வாசல்பக்கம்தான். சொல்லாமல் இருந்திருக்கலாம். மயங்கியதுபோல இருந்துவிட்டால் கதவை உடைப்பார்கள், ஆம்புலன்ஸ் வரும், மகள் வருவாள், ஆரஞ்சுத் திரை.

"அது அலமாரிச் சாவி" என்றேன்.

வாசலில் செருப்புச் சத்தம் நகர்ந்தது. போய்விட்டாரோ? போனால் என்ன, எனக்கு வேண்டியதுதானே?

பிறகு ஜன்னலுக்குக் கீழே குரல். "எங்க கிடக்குறீங்க?"

"குளியலறை. உள்ளே பார்க்காதீர்கள்."

"பாக்கல. சுவரைப் பாத்துக்கிட்டுதான் நிக்கிறேன். எங்கயாவது உடைஞ்ச மாதிரி வலிக்குதா? காலை அசைங்க."

அசைத்தேன். அசைந்தது. ஆம்புலன்ஸ் வேண்டாம் என்றேன்.

"அப்போ கதவை நீங்கதான் திறக்கணும். கால் மணி நேரம் பாப்பேன். முடியலன்னா கூப்பிட்டுடுவேன், கோவிச்சுக்கக்கூடாது. முதல் ஸ்டாப்பு, பக்கமா திரும்புங்க."

"தெரியும்."

"தெரியும்தான். திரும்புங்க."

திரும்பினேன். முழங்கை. வழுக்கியது. மறுபடி. "ரெண்டாவது ஸ்டாப்பு முட்டி," என்றார். "மெதுவா. அவசரமில்ல, பின்னாடி வண்டி எதுவும் வரல." முழங்கால் ஊன்றியபோது அழுதேனா? கண்ணில் சோப்பு. குளியலறைக்குள் பிடிக்க ஒன்றுமில்லை, சாப்பாட்டு மேசை நாற்காலிவரை தவழ வேண்டியிருந்தது. என் வீட்டில், என் கூடத்தில், நான்கு காலில். மேசைக்கு அடியில் ஒட்டடை! நூல் நூலாக. எத்தனை மாதமாக அங்கே தொங்குகிறது? கீழே போனால்தான் தெரிகிறது எவ்வளவு அழுக்கில் குடித்தனம் செய்திருக்கிறேன் என்று.

நாற்காலியில் இரண்டு கையையும் ஊன்றி, ஒரு பாதத்தைத் தரையில் பதித்து, எழுந்தேன்.

"எழுந்துட்டீங்களா?"

"எழுந்துவிட்டேன்."

"ரைட்."

உடனே திறக்கவில்லை. துடைத்துக்கொண்டு, புடவை கட்டி, தலை வாரி, பின் குத்தினேன். திறந்தபோது வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். உள்பக்கம் வெளியே தெரியப் போட்டிருந்த சட்டை, கால்களில் ஜோடி மாறிய செருப்பு. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உயிரோட இருக்காங்களானு பாக்க ஓடி வந்தா, கல்யாணத்துக்குக் கிளம்பின மாதிரி வந்து நிக்கிறீங்க."

கிழிந்த கவரையும் அலமாரிச் சாவியையும் என் கையில் வைத்தார். ஏன் என்று கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.

தேநீர் போட்டேன். உறிஞ்சினார். சகிக்கவில்லை. இரண்டாவது கோப்பையும் கேட்டார், ஊற்றினேன்.

போகும்போது, "விழுந்தா மையத்துல சொல்லணும்னு இருக்கு. நானாப் போய் சொல்ல மாட்டேன். ஆனா கேட்டாங்கன்னா பொய்யும் சொல்ல மாட்டேன்" என்றார்.

பொய் பற்றி எனக்கு ஒரு கண்டக்டர் பாடம் எடுக்கிறார். எடுக்கும்படி வைத்துக்கொண்டது யார்?

அதே நாள், மாலை

இடுப்பில் நீலம். மேசைக்கு அடியில் பெருக்கி முடித்தேன், நீளக் கைப்பிடித் துடைப்பத்தால்.

சொன்னால் கடிதம் கிடைக்காது. சொல்லாவிட்டால் கிடைக்கலாம். அதைக் கண்டக்டர் சட்டைப் பையைத் தட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பார்.

ஏப்ரல் 9, புதன்

விசிலிடம் சொன்னேன். விழுந்தது, சாவி, எல்லாம். நின்றுகொண்டே சொன்னேன். கேட்டு முடித்து முதலில் இடுப்பைப் பரிசோதித்தாள். அப்புறம், "யார் தூக்கி விட்டாங்க?" என்றாள்.

"யாரும் தூக்கவில்லை."

"அப்போ எழுந்தது எப்படி?"

"நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி."

"நீங்கதான் பாயிலேயே படுக்கலையே?"

"பார்த்தேன்" என்றேன்.

இன்று செய்யக்கூடாதாம். இரண்டு வாரம் கழித்து, வலி போன பிறகு, அவள் கண் முன்னால் செய்து காட்ட வேண்டும்.

ஏப்ரல் 10, வியாழன்

மகளிடமும் சொல்லிவிட்டேன். தொலைபேசியிலேயே அழுதாள். "வேற ஒருத்தர் சாவியில வந்து திறக்கக்கூடாதுன்னு அலமாரிச் சாவியைக் கொடுத்திருக்க. உனக்கு என்னதாம்மா பிரச்சினை?"

"நாளைக்கு வீட்டுச் சாவியையே கொடுத்துவிடுகிறேன்" என்றேன். 

ஏப்ரல் 11, வெள்ளி

உண்மையான சாவி. புதிய கவர். கண்டக்டர், ஒட்டிய இடத்தைப் பார்க்காமல், கவரைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். "வீட்டுச் சாவிதானே? இல்ல, இது பெட்டிச் சாவியா?" நான்கு மேசையும் சிரித்தது. விசிலிடம் சொன்னது எல்லோருக்கும் எட்டியிருக்கிறது.

ஏப்ரல் 25, வெள்ளி

பாயில் படுத்தேன். இருபது பேர் பார்த்தார்கள். சிரிக்கும் சூரியன் உட்பட. கூரையில் ஒரு பூப்பந்து பல வருடமாகச் சிக்கிக் கிடக்கிறது, படுத்தால்தான் தெரியும். திரும்பினேன், ஊன்றினேன், தவழ்ந்தேன், எழுந்தேன். கணுக்காலுக்கு மேலே புடவை ஏறாமல் பார்த்துக்கொண்டேன். "தங்கம்!" என்று பொறுப்பாளர் கைதட்டினாள். முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

கடிதம் கிடைத்தது. "தனியாக வசிக்கலாம். குளியலறையில் கைப்பிடி பொருத்த வேண்டும். காலை அழைப்பு தொடர வேண்டும்." மகளிடம் படித்துக் காட்டினேன். இன்னொரு முறை படிக்கச் சொன்னாள். அப்புறம், "திரைச்சீலையை என்ன பண்றது?" என்றாள். சைக்கிளுக்குப் போர்த்தச் சொன்னேன்.

மே 6, செவ்வாய்

கைப்பிடி பொருத்த வந்தவன் ஓட்டை போட்ட தூளையெல்லாம் தரையில் விட்டுவிட்டுப் போயிருக்கிறான். பன்றி.

ஜூன் 2, திங்கள்

இப்போது காலையில் அழைப்பது நான். கண்டக்டருக்குக் கண்புரை அறுவை முடிந்ததிலிருந்து முறை மாற்றிக்கொண்டோம். வாயில் ஏதோ மென்றுகொண்டே பேசுகிறார்.

மையத்தில் இன்று புதிதாக ஓர் அம்மாள். வக்கீலின் மனைவியாக இருந்தவராம். மகன் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனான். தேநீரைத் தொடவில்லை. நாற்காலியில் முதுகு படவில்லை. என் தெருவிலேயே வீடு என்பதால் எங்கள் இருவரோடு சேர்த்துவிட்டார்கள். சாவிக் கவரை இரண்டு விரலால் பிடித்து என்னிடம் நீட்டினார்.

வெளியிலிருந்தே தடவிப் பார்த்தேன். விரல் நீளம்கூட இல்லை. இலேசானது. நகைப்பெட்டிச் சாவியாக இருக்கும்.

கவரைத் திருப்பிக் கொடுத்தேன். "இது வேண்டாம். வீட்டுக்குப் போய் மற்றதை எடுத்துக்கொண்டு வாருங்கள்" என்றேன். "நான் இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன்."

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. எதிரே கண்டக்டர் கட்டைவிரலை நாக்கில் தொட்டு, ஒன்றுமே கேட்காதவர் போலச் சீட்டைப் பிரித்தார்.