சார் என்று கூப்பிட்ட அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? ஊர் பழகிவிட்டதா? அம்மா வேறு சலவைக்கூடத்தில் சேர்ந்துவிட்டார். விரிப்பு மடிப்பதில் உங்கள் கைக்கு ஈடில்லை என்று நான் சொன்னதற்கு இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்.

என் தமிழைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். சலவைப் பைகளுக்குச் சீட்டு எழுதவைத்து நீங்கள் கற்றுத் தந்ததுதான். வழக்கமாகப் பிழைகளை அம்மா திருத்துவார். இதை அவரிடம் காட்டவில்லை.

ஊருக்குத் திருப்பி அனுப்ப உங்களைப் பிடித்துப்போன அந்த நாளைப் பற்றி போனில் நான் ஆரம்பித்தாலே "சாப்டியாடா?" என்று பேச்சை மாற்றிவிடுகிறீர்கள். எனக்குத்தான் அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. குடியேற்றத் துறை அதிகாரிகள் சலவைக்கூடத்துக்குள் வந்தபோது நான் முன்பக்கம் துணி வாங்கும் மேசையில் இருந்தேன். என் பேச்சைக் கேட்டு இந்த நாட்டுப் பையன் என்றே நினைத்துவிட்டார்கள். என்னிடம் தங்கும் அனுமதிக் காகிதம் கேட்கவில்லை. உங்களிடம் கேட்பதை மொழிபெயர்க்கச் சொன்னார்கள். இவரைத் தெரியுமா என்றார்கள். இங்கே வேலை செய்கிறவர், அவ்வளவுதான் என்றேன். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று என்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்வீர்களே, பிழைத்துவிட்டேன்.

நான் சொன்னது உங்களுக்குப் புரிந்துவிட்டது. என்னைப் பார்த்து, "சார், எனக்கு இங்க யாரும் இல்ல, தனி ஆளுன்னு சொல்லுங்க சார்" என்றீர்கள். ஒரு சொல் விடாமல் அவர்களிடம் சொன்னேன். வெட்கமாக இருக்கிறது அப்பா. உங்கள் சட்டை இன்னும் கொக்கியில்தான் தொங்குகிறது. அந்தப் பக்கம் திரும்பவே கூசுகிறது.

சின்ன வயதில் வந்தவர்களுக்குத் தங்க அனுமதி கேட்டு நான் போட்ட மனு வியாழக்கிழமை விசாரணைக்கு வருகிறது. இந்த நாட்டுக்கு என்னை யார் அழைத்து வந்தது என்று கேட்பார்கள். செத்துப்போன மாமாவைச் சொல்லு, அன்றைக்குச் சொன்ன பொய் தெரிந்தால் உன்னையும் அனுப்பிவிடுவார்கள் என்கிறார் அம்மா. அவர் சொல்வதிலும் தப்பில்லை. ஆனால் நான் உங்களைத்தான் சொல்லப்போகிறேன். அன்றைக்கு யாரோ என்றேனே, அவர்தான் என்னைத் தோளில் தூக்கி வந்தார், அவர் என் அப்பா என்று.

பயமாகத்தான் இருக்கிறது. என்னையும் அனுப்பிவிட்டால் அம்மா இங்கே தனியாகிவிடுவார். போனில் கேட்டால் வேண்டாம் என்பீர்கள், உங்கள் பேச்சைத் தட்டவும் எனக்கு வராது. அதனால்தான் கடிதம். இது உங்கள் கைக்கு வரும்போது விசாரணை முடிந்திருக்கும்.

பிறகு பேசும்போது என்னை நன்றாகத் திட்டுங்கள். என்ன சொல்லி வேண்டுமானாலும் கூப்பிடுங்கள் அப்பா, சார் என்று மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் மகன்,
வாயாடி