ஒரே அச்சில் இரண்டு ஜோடி

1966 மே 9, திங்கள்

கத்திரி வெயில். மதராஸ் பாசஞ்சர் லேட்டோ லேட். கடலூர் ஓ.டி.யில், அதாவது ஓல்டு டவுனில், இறங்கியது நானும் ஒரு கோழிக்கூடையும்தான். வண்டிக்காரன் ஒருவன்கூட இல்லை. ஊரே கதவைச் சாத்திக்கொண்டு உறங்குகிறது. ஒரு கையில் ஊன்றுகோல், மறு கையில் பெட்டி, தோளில் கூட்டாளி சுல்தானின் பை. முட்டி வலி சொல்லி மாளாது.

டீக்கடைக்காரர் மட்டும் விழித்திருந்தார். பள்ளிக்கூட நாளிலிருந்து எனக்கு டீ ஆற்றிக் கொடுத்த மனுஷன். சலாம் சொன்னேன். பார்த்தார். கையிலிருந்த கிளாஸை மெதுவாகக் கீழே வைத்தார். பிறகு கடைப் பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டு உள்ளிருந்தே பூட்டிக்கொண்டார். வெயில் தலைக்கேறிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டு நடந்தேன்.

வீடு. கதவைத் திறந்த மதினி "யா அல்லாஹ்" என்றார். அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டார். காதர் அண்ணன் தூக்கக் கலக்கத்தோடு வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார். தரையில் படுகிறதா என்று. குனிந்து பாதத்தைத் தொட்டார், முட்டிக் கட்டைத் தொட்டார்.

"சுடுது மைமூன். உடம்பு சுடுது. நம்ம யூசுப்புதான்."

அழ ஆரம்பித்துவிட்டார். சின்ன வயதில் என்னை அடித்துவிட்டு அழுவாரே, அதே அழுகை.

பிறகுதான் விஷயம் தெரிந்தது. நான் மார்ச்சிலேயே செத்துப்போய்விட்டேன். அமெரிக்காவில் பஸ் கவிழ்ந்து கூடைப்பந்தாட்டக்காரர் யூசுப் மவுத் என்று பேப்பரில் பார்த்து, பினாங்கிலிருந்து யாரோ ஜமாஅத்துக்குத் தந்தி கொடுத்திருக்கிறார். பள்ளிவாசலில் எனக்கு காயிப் ஜனாஸா தொழுதிருக்கிறார்கள். மையித்து, அதாவது இறந்தவர் உடல், முன்னால் இல்லாமல் தொழுகிற தொழுகை. தெரு கொள்ளாத கூட்டமாம், மதினி பெருமையாகச் சொல்கிறார். உயிரோடு இருந்தபோது என் ஆட்டம் பார்க்க இந்த ஊரில் அதில் பாதிக்கூட்டம் வந்ததில்லை.

சிரித்தேன். அண்ணனும் சிரித்தார். பாதியில் நிறுத்திவிட்டார்.

"அப்ப... சுல்தான் எங்கடா?"

மே 10, செவ்வாய்

காற்றே இல்லை. வெளியே தலை காட்டக் கூடாது என்று அண்ணன் உத்தரவு. டீக்கடைக்காரர் நேற்றிலிருந்து காய்ச்சலில் படுத்திருக்கிறாராம். "பாவம், ஜின்னப் பாத்துட்டாரு" என்று தெருவில் பேச்சு. ஜின் உள்ளே உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறது.

நேற்று அண்ணனிடம் சொன்னதை ஒழுங்காக எழுதிவைக்கிறேன். சொல்லும்போது முன்னும் பின்னுமாகப் போய்விட்டது.

சுல்தான் சிதம்பரத்துப் பிள்ளை. படிக்க இங்கே ஹாஸ்டலுக்கு வந்தான். பள்ளியிலேயே உயரமான இரண்டு பேர் என்று டிரில் மாஸ்டர் எங்களைக் கொண்டுபோய்க் கூடைக்குக் கீழே நிறுத்தினார். அதிலிருந்து பிரிந்ததே இல்லை. படிப்பு முடிந்து பினாங்கில் சீன அரிசி வியாபாரிகள் கிளப்: பகலில் மூட்டை எண்ணுவதாகப் பேர், சாயங்காலம் பந்துதான் நிஜ வேலை. அடுத்து மணிலாவில் ஒரு துணி மில் டீம்: மில்லுக்குள் ஒருநாள்கூடக் கால் வைத்ததில்லை. நடுவில் ஊருக்கு வந்தபோது அவன் தங்கை ஜமீலாவை எனக்கு நிக்காஹ் செய்து வைத்தான். "உன் கால் சைஸுக்கு வேற எங்க பொண்ணு குடுப்பான்" என்று கேலி வேறு.

கால் என்றதும் நினைவு. எங்கள் இருவருக்கும் கடையில் செருப்பு கிடைக்காது. பினாங்கில் ஒரு சீனன் மரத்தில் கால் அச்சு செதுக்கினான். முதலில் என் காலை அளந்தான், பிறகு சுல்தான் காலை. தலையைச் சொறிந்துகொண்டு, ஒரு அச்சு போதும் என்றான். ஒரே அச்சில் இரண்டு ஜோடி. ஊர் வந்தபோது மாமா, அதாவது சுல்தானின் வாப்பா, வாசலில் அந்த நாலு செருப்பையும் பார்த்துவிட்டு, "என்னா வாப்பா, வூட்டுக்கு முன்னாடி தோணி கட்டி வெச்சிருக்கீங்க" என்றார்.

அமெரிக்கா. மணிலாவில் எங்கள் ஆட்டத்தைப் பார்த்த கோச் ஒருவர் அழைத்துப்போனார். சனி ஞாயிறு மட்டும் நடக்கும் லீக். பெரிய லீக் தள்ளிவிட்ட ஆட்களும் அதில் ஏறத் துடிக்கிற ஆட்களும் சேர்ந்து ஆடுவது. கை முஷ்டி ஜாஸ்தி, பந்து கம்மி. டீம் பட்டியலில் என் பெயர் மட்டும் ஏறியது. சுல்தான் வெளியே பெஞ்சில். குளிரில் என் முட்டி போனது. மேனேஜர் சொன்னார்: பட்டியலில் உன் பெயர்தானே இருக்கிறது, உன் சட்டையை அவன் போட்டுக்கொண்டு ஆடட்டும், யார் பார்க்கப் போகிறார்கள்? யாரும் பார்க்கவில்லை. அவர்களுக்கு நாங்கள் இருவரும் ஒன்றுதான்.

ஆஸ்பத்திரியில் படுத்தபடி ரேடியோ கேட்டேன். யூசுப் பந்தை எடுக்கிறார், யூசுப் போடுகிறார், யூசுப், யூசுப். கட்டிலில் நான் கால் நீட்டிக் கிடக்கிறேன். அங்கே நான் ஓடிக்கொண்டிருக்கிறேன். நர்ஸம்மாவிடம் ரேடியோவை நிறுத்தச் சொன்னேன்.

ஆட்டம் முடிந்து திரும்பும்போது பஸ் பனியில் சறுக்கியது. மற்றவர்களுக்குச் சிராய்ப்பு. சுல்தான் மட்டும்.

அங்கேயே அடக்கினோம். நான் ஒருவனே நின்று ஜனாஸா தொழுதேன். அந்தத் தொழுகையில் குனிவதில்லை, மண்டியிடுவதில்லை. முட்டி போனவனுக்குத் தோதாகத்தான் வைத்திருக்கிறான் இறைவன்.

ஊருக்குத் தந்தி கொடுக்கட்டுமா என்றார் மேனேஜர். வேண்டாம், மவுத்துச் செய்தியை மூன்றாம் மனுஷன் சொல்லக் கூடாது, நானே போய்ச் சொல்கிறேன் என்றேன். கப்பல் ஏறினேன். பட்டியலில் இருந்த பெயரைப் போட்டு, பேப்பர் எனக்கு முந்திக்கொண்டது.

மே 11, புதன்

வெயில். முட்டிக்கு விளக்கெண்ணெய். மதினி மீன் வாங்கவில்லை: மீன்காரி எட்டிப் பார்த்துவிடுவாளாம்.

ஜமீலா சிதம்பரத்தில் வாப்பா வீட்டில் இத்தா இருக்கிறாள். மதினி தயங்கித் தயங்கி இன்றுதான் சொன்னார். புருஷன் செத்தால் நாலு மாசம் பத்து நாள் அறையை விட்டு வராமல், அந்நிய ஆண் முகம் பாராமல் இருப்பது. எனக்காக. நான் இங்கே முட்டிக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருக்கிறேன்.

"போடா. உன்னப் பாத்தா அவ எழுந்துடலாம்" என்றார் அண்ணன்.

"எழுந்து மொத வார்த்தை என்னா கேப்பா?"

அண்ணன் எண்ணெய்க் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார்.

சிதம்பரத்தில் அவர்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: போனது மருமகன், மகன் பத்திரம். பஸ்ஸில் செத்தது ஒரே ஆள் என்று தந்தியிலேயே இருந்ததாம். அந்த ஒரே ஆள் நான் இல்லை என்றால், வேறு யார்? நான் வாயே திறக்க வேண்டியதில்லை. அந்த வாசலில் நான் போய் நிற்பதே செய்தி. இப்படி ஒரு உயிரை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

பயமாக இருக்கிறது. எத்தனையோ ஊரில், எத்தனையோ கூட்டத்தின் நடுவில் ஆடியிருக்கிறேன், இப்படிப் பயந்ததில்லை.

கடைசியில் அண்ணனே கிளம்பினார். "நான் பக்குவமா சொல்லிட்டு வர்றேன்."

மே 12, வியாழன்

அண்ணன் காலையில் திரும்பினார். தோளில் ஒரு முழுப் பலாப்பழம். முகம் பார்த்ததுமே புரிந்துவிட்டது.

"சொல்லலடா. வாய் வரல. மாமா என்னக் கட்டிப் புடிச்சிகிட்டாரு. 'உன் தம்பி போயிட்டான், என் மவன் இருக்கான். நான் அழுதா அல்லாஹ்வுக்கு நன்றி கெட்டவன், சிரிச்சா பாவி, நான் என்னா செய்ய காதரு'ன்றாரு. அவரு கிட்ட எப்படிடா?"

பலாப்பழம் காடாம்புலியூர்த் தோப்பிலிருந்து வந்ததாம். மாமா கொடுத்தனுப்பியது. என் பேருக்குக் குர்ஆனிலிருந்து யாசீன் ஓதிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சொல்லி. மதினி அறுத்தார். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு நாலு சுளை தின்றேன். நல்ல தேன் பழம். எனக்கு ஓத வேண்டிய பாத்திஹாப் பழத்தை நானே தின்ற முதல் ஆள் நானாகத்தான் இருக்கும்.

மத்தியானம். அண்ணன் உறக்கம். பள்ளிக்கூடத்து மைதானம் எங்கள் கொல்லைச் சுவருக்குப் பின்னால்தான். லீவு விட்டிருக்கிறார்கள். சத்தம் கேட்டது.

டப், டப். நின்றது. டப்.

சுல்தானின் தட்டு. ஃப்ரீ த்ரோ போடும் முன் அப்படித்தான் தட்டுவான், இரண்டு, ஒரு மூச்சு, பிறகு ஒன்று. நான் இடக்கைக்காரன், எனக்கு ஒரே மூச்சில் நாலு. கப்பலிலும் இதைக் கேட்டேன், மேல்தட்டில். இன்ஜின் சத்தம் என்று சமாதானம் செய்துகொண்டேன். மைதானத்தில் எந்த இன்ஜின்?

சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். ஆளில்லை. வெயிலில் மண் வெளுத்துக் கிடந்தது. வலை இல்லாத இரும்பு வளையம் மட்டும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. காற்று இல்லை என்று முந்தாநாளே எழுதியிருக்கிறேன். இன்றும் இல்லை.

உள்ளே வந்து அவன் பையை முதல் தடவையாகத் திறந்தேன். கைலி இரண்டு. தொப்பி. தங்கைக்கு வாங்கிய சீப்பு. பேப்பரில் சுற்றிய செருப்பு. அதை மட்டும் பிரிக்காமல் வைத்துவிட்டேன்.

நாளை நானே போகிறேன்.

மே 13, வெள்ளி

எழுதும் இடம் சிதம்பரம், மாமா வீட்டுக் கூடம். இப்போது சாயங்காலம். உள்ளே ஓதிக்கொண்டிருக்கிறார்கள். நடந்ததை நடந்த வரிசையில் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நானே நம்பமாட்டேன்.

பஸ்ஸில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு வந்தேன். ஜும்மா தொழுகை நேரமாகப் பார்த்துத்தான் தெருவில் நுழைந்தேன். ஆண்கள் யாரும் இல்லை. கடை சாத்தியிருந்தது. வீட்டுக் கதவு ஒருக்களித்திருந்தது. செருப்பை வாசலில் கழற்றினேன், பழக்கம்.

முற்றத்தைத் தாண்டி உள்ளறை. திரைச்சீலை. உள்ளே இருட்டு.

"ஜமீலா."

அலறுவாள் என்று நினைத்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"வந்துட்டீங்களா மச்சான்" என்றாள். கடைக்குப் போய்த் திரும்பியவனைக் கேட்பது போல.

தரையில் உட்கார்ந்தேன். திரையைப் பார்த்து எல்லாம் சொன்னேன். முட்டி, சட்டை, பட்டியல், பனி. முடித்ததும் கேட்டேன்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா? யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. தந்தி வந்த மறு வாரத்துலேர்ந்து மத்தியானத்துல முத்தத்துல பந்து சத்தம் கேக்குது. வாப்பா கடைக்குப் போன பெறகு. ரெண்டு தட்டு, நிறுத்தி ஒண்ணு. உங்க தட்டு எனக்குத் தெரியாதா? நீங்க நாலு. அது எங்க அண்ணன் தட்டு. சின்னப் புள்ளையிலேர்ந்து இதே செவுத்துக்கு இந்தாண்ட கேட்டு வளந்தவ நான்."

நானும் கேட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

"அப்ப தெரிஞ்சும் ஏன் இத்தா இருந்த?"

அவள் திரைக்கு அருகே நகர்ந்து உட்கார்ந்தாள்.

"கூடப் பொறந்தவனுக்கு மூணு நாளைக்கு மேல துக்கம் கூடாதாம் மச்சான். புருஷனுக்குத்தான் இத்தா. மூணு நாளு எனக்குப் பத்துமா? அண்ணன் உங்க சட்டையப் போட்டுகிட்டு ஆடுனாருன்னு சொன்னீங்களே. நானும் உங்க பேரச் சொல்லிகிட்டு அவருக்கு அழுதேன்."

"மாமாவுக்கு?"

"தெரியாது. ஒவ்வொரு வெள்ளியும் அண்ணனுக்கும் சேத்து ஒல வைக்கச் சொல்றாரு. திடீர்னு வந்து நின்னா பசியோட இருப்பானாம்."

அடுப்படியில் பெரிய பானை. பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

"இன்னிக்கும் சத்தம் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. நீங்க வாசல்ல செருப்பக் கழட்டுனதும் நின்னுடுச்சு."

தெருவில் பேச்சுக்குரல்கள். ஜும்மா விட்டுவிட்டார்கள். மாமாவின் இருமல் எனக்குத் தெரியும். வாசல் வரை வந்தது. நின்றது. அவர் குனிந்திருக்க வேண்டும். இந்த ஜில்லாவிலேயே அந்த அளவுக் கால் இரண்டு பேருக்குத்தான். அதில் ஒருவன் செத்துவிட்டதாக அவர் கணக்கு.

"ஜமீலா! எம்மா! இது யாரு செருப்பு? தோணியாட்டம் செருப்பு! யா ரப்பே... சுல்தானு! வந்துட்டியா வாப்பா? உள்ள இருக்கியா? சோறு ஆக்கித்தான் வெச்சிருக்கு வாப்பா, சுல்தானு!"

அந்த மனுஷர் அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை. தெரு முழுக்கக் கேட்டிருக்கும்.

திரைக்கு அடியில் ஜமீலாவின் கை வந்தது. என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தது. பிறகு விட்டது.

"போங்க மச்சான். நீங்கதான் போகணும்."

ஊன்றுகோலை எடுத்தேன். எழுந்து வெளியே போனேன்.