சக்கரத்தில் ஒரு சாக்பீஸ் கோடு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் சுகம், அப்பாவும் சுகம், அவருடைய முதுகைத் தவிர. நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிட்டு, உடம்பைப் பார்த்துக்கொண்டு நன்றாக இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். வாரம் தவறாமல் போனில் பேசுகிறோமே, இதென்ன புதிதாகக் கடிதம் என்று கேட்பாய். போன் அடித்தாலே அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஸ்பீக்கரில் போடு என்கிறார். இது அவர் காதில் விழாமல் சொல்ல வேண்டிய விஷயம், கூடவே நீ கையெழுத்துப் போட ஒரு தாளும் இருக்கிறது. பதறாதே, யாருக்கும் ஒன்றும் இல்லை. உன் கார் விஷயம்தான்.

நம் குடியிருப்புச் சங்கத்தில் வீடு நாற்பது, கார் நிறுத்தும் இடம் இருபத்தாறு. இதை வைத்துக்கொண்டு எத்தனை சண்டை நடந்திருக்கிறது என்பதை நீயே பார்த்திருக்கிறாய். நான் செயலாளர் ஆனதும் முதல் வேலையாக, ஓடாத வண்டிக்கு இடம் கிடையாது என்று விதி எழுதினேன். மூன்று மாதம் அசையாமல் நின்றால் அந்த இடம் காத்திருப்போர் பட்டியலில் முதலில் இருப்பவருக்குப் போய்விடும். அசைந்ததா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று தலைவர் தலையைச் சொறிந்தார். அவர்தான், நாம் ‘தீர்மானம்’ என்று கூப்பிடுவோமே, இன்னமும் கரண்ட் போனால்கூடத் தீர்மானம் போட்டுவிடலாம் என்றுதான் சொல்கிறார். முப்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவளுக்கு இதெல்லாம் ஒரு வேலையா? மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் சாக்பீஸோடு இறங்குவேன், ஒவ்வொரு காரின் முன்சக்கரத்திலிருந்தும் தரை வரை நேராக ஒரு கோடு இழுப்பேன். அடுத்த மாதம் டயர்க் கோடும் தரைக் கோடும் சேர்ந்தே இருந்தால் வண்டி நகரவில்லை என்று அர்த்தம். போன வருஷம் இரண்டாம் மாடித் தையல்காரரின் இடத்தை இப்படித்தான் எடுத்தேன். எஞ்சின் வேலை இருக்கிறது, மூன்று மாதம் அவகாசம் கொடுங்கள் என்று கெஞ்சினார் பாவம். கோடு கோடுதான் என்று சொல்லிவிட்டேன். என் வாய்தான் உனக்குத் தெரியுமே.

நம் இடம் பதினொன்று, லிஃப்டை ஒட்டி இருப்பது. நாலு வருஷத்துக்கு முன் நீ கிளம்பும்போது இரண்டு வருஷத்தில் வந்துவிடுவேன், வண்டியை விற்றுவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனாய். அன்றிலிருந்து நான் சனிக்கிழமை காய்கறி வாங்கப் போகும் நேரத்தில் அதை நூலகம் வரை ஓட்டிவிட்டு வருவதாக அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு மாதமும் கோடு அரைச்சாண் விலகித்தான் இருந்தது, நானும் சரி என்று குறித்துக்கொண்டு போனேன். நூலகம் வரை ஓடிய டயரில் சாக்பீஸ் எப்படியம்மா மிஞ்சியிருக்கும்? மற்ற வண்டிகளிலெல்லாம் கோடு தேய்ந்து காணாமல் போக, நம் வண்டியில் மட்டும் நேற்றுப் போட்டது போல இருந்தது. அதை என் கண் பார்த்தது, புத்திக்கு ஏறவில்லை. ஏறக்கூடாது என்று நானே விட்டுவிட்டேனோ என்னவோ.

போன மாதம் லிஃப்டில் மூன்றாம் மாடி நர்ஸைப் பார்த்தேன். நீ போன பிறகு குடிவந்த பெண், தங்கமான குணம். அவள் அம்மா பக்கவாதம் வந்து சக்கர நாற்காலியில் இருக்கிறார், வாரத்தில் இரண்டு நாள் பயிற்சிக்குக் கூட்டிப் போக வேண்டும். இடம் இல்லாததால் இரண்டு தெரு தள்ளிக் காரை நிறுத்திவிட்டு, வெயிலானாலும் மழையானாலும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வருவாள். பதினான்கு மாதமாகப் பட்டியலில் முதல் ஆள் அவள்தான், மாதாமாதம் இன்னும் இடம் காலியாகவில்லை என்று வாய் கூசாமல் சொன்னவள் நான். அன்றைக்கு அவள் என்னிடம் கரிசனமாக, அங்கிளுக்கு முதுகு வலி ஆயிற்றே, அந்தக் காருக்கு ஒரு பேட்டரி மாற்றிக் கொடுக்கக் கூடாதா என்றாள். வாட்ச்மேனும் அவரும் மாதாமாதம் காரைத் தள்ளித் தள்ளிப் பார்க்கிறார்கள், இன்று பாவமாக இருந்தது, நானும் ஒரு கை கொடுத்தேன் என்றாள். அவளுக்குச் சேர வேண்டிய இடத்தை அவள் கையாலேயே தள்ளிக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறாள், அது அவளுக்கே தெரியவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பாவைப் பிடித்துக்கொண்டேன். என்னையே முட்டாளாக்கினீர்களா, ஊரார் முகத்தில் நான் எப்படி விழிப்பேன் என்று கத்தித் தீர்த்தேன். மனிதர் அடுப்படிக்குப் போனார். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, என்னைப் பார்க்காமலே, “அந்த இடத்தையும் விட்டுட்டா, அவ வந்தா வண்டிய எங்க நிறுத்துவா?” என்றார்.

கமிட்டிக் கூட்டத்தில் முதல் பெயராக நம் வீட்டைத்தான் வாசித்தேன், நடந்ததையும் மறைக்காமல் சொன்னேன். ‘தீர்மானம்’ வாழ்நாளில் முதல் முறையாக, இதற்கெல்லாம் தீர்மானம் வேண்டாமே டீச்சர் என்று இழுத்தார். அப்போது தையல்காரர் கையைத் தூக்கினார். சரி, இன்றைக்கு வட்டியும் முதலுமாக வாங்கிக்கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று நினைத்தேன். அவரோ, டீச்சருக்கும் மூன்று மாதம் அவகாசம் கொடுங்கள் என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். எனக்கு வேண்டாம் என்றேன், பழுதான வண்டிக்கு அவகாசம் உண்டு என்று விதியை மாற்றினேன், அவரிடம் எல்லார் முன்னாலும் மன்னிப்பும் கேட்டேன். பதினோராம் எண் இப்போது நர்ஸுடையது. அவள் அம்மா காரிலிருந்து இறங்கி லிஃப்டுக்குப் போக ஒரு நிமிஷம்கூட ஆவதில்லை.

உன் கார் வாசல் பக்கம் விருந்தாளிகள் இடத்தில் நிற்கிறது. அங்கே முப்பது நாள்தான் கணக்கு, அதுவும் நான் எழுதிய விதிதான். வாங்கிக்கொள்ள ஒரு மெக்கானிக் தயாராக இருக்கிறார். தாளில் பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இரண்டு இடத்திலும் கையெழுத்துப் போடு. சாவி அப்பாவின் சட்டைப்பையில் இருக்கிறது, எனக்குத் தரமாட்டேன் என்கிறார். நீ கேட்டால் தருவார். வருவதாக இருந்தால் எப்போது என்று அவரிடம் சொல். வருவதாக இல்லை என்றால் அதையும் நீயே சொல்லிவிடு, பார்க்கலாம் பார்க்கலாம் என்று மட்டும் இனிமேல் சொல்லாதே. கேட்டால் அழுவார், அழட்டும், நான் பக்கத்தில் இருப்பேன். எனக்கும் நீ இல்லாமல் வீடு வீடாக இல்லைதான், அதற்காக உன்னைக் கட்டி இழுக்க எனக்கு மனசு இல்லை.

நீங்கள் இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் மனம் நிறைந்து நீண்ட காலம் வாழ வேண்டும். தலைக்குக் குளித்தால் ஈரத்தோடு வெளியே ஓடாதே. தாளை மடிக்காமல் அனுப்பு.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா

ஒன்றை விட்டுவிட்டேன். இந்த ஞாயிறு கோடு போடப் போனபோது, கைப்பழக்கத்தில் வாசலில் நிற்கும் உன் காருக்கும் போட்டுவிட்டேன். விருந்தாளிகள் இடத்துக்குக் கோடே தேவையில்லை, அப்பாவுக்கும் அது தெரியும். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தேன், கோடு அரைச்சாண் விலகியிருந்தது. நான் எதுவும் கேட்கவில்லை, தைலத்தை எடுத்து அவர் முதுகில் தேய்த்துவிட்டேன். சீக்கிரம் அவரைக் கூப்பிடு.