நுரைக்காத தண்ணீர்

மாமா,

இன்று காலை திருச்செங்கோட்டுச் செக்கிலிருந்து எண்ணெய் வந்துவிட்டது. உங்கள் மகன் எண்ணெய்த் தூக்குவாளியை வாசலில் வைத்துவிட்டு வண்டியைத் திருப்புவதற்குள் வீடு முழுக்கத் தேங்காய் வாசம். மூடியைத் திறந்து ஒரு சொட்டு எடுத்து உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தேன். நீங்கள் இருந்திருந்தால் எனக்கு முன்னால் உங்கள் விரல் உள்ளே போயிருக்கும். மோந்து பார்த்து, "கொப்பரை காஞ்சது பத்தல அம்மிணி, இன்னுங் கொஞ்சம் வெயில் காட்டியிருக்கோணும்" என்று குறை சொல்லியிருப்பீர்கள். காய வைத்தது நீங்களே என்றாலும் சொல்லியிருப்பீர்கள்.

வாசம் பிடித்துச் சின்னவன் தத்தித் தத்தி வந்து என் காலைக் கட்டிக்கொண்டான். அவனை உங்களுக்குத் தெரியாது. உங்கள் பேரன்; நீங்கள் போன பிறகு பிறந்தவன். முழங்கால் மடிப்பிலும் கன்னத்திலும் அதே சொரசொரப்பு, அவன் அக்காவுக்கு இருந்த அதே வறண்ட தோல். முதலில் பார்த்தபோது எனக்குப் பயமே வரவில்லை, சிரிப்புதான் வந்தது. உங்கள் வம்சத்துத் தோல்தானே. சித்திரையானாலும் மார்கழியானாலும் உங்கள் காலில் விரலால் பெயர் எழுதலாம். வெள்ளையாகக் கோடு விழும்.

அக்காக்காரிக்கு அது வந்தபோது மட்டும் நான் சிரிக்கவில்லை. அவளுக்கு அப்போது இரண்டு வயது நிறைந்திருந்தது. மார்கழிப் பனி தொடங்கியதும் கன்னம் இரண்டும் சிவந்து வெடித்தது. சோறு ஊட்டினால் ஒரு வாய்க்கு ஒரு தரம் சொறிவாள். கன்றுக்குட்டி மாதிரி கதவு நிலையில் முதுகைத் தேய்ப்பாள். சட்டையைக் கழற்றினால் அங்கங்கே நகம் கீறிய கோடு. எனக்கு அழுகையாக வரும்.

ஊருக்குள் வைத்தியம் சொல்லாத ஆள் இல்லை. அத்தை கடலைமாவு என்றார். பக்கத்து வீட்டில் வேப்பிலை என்றார்கள். ஜேடர்பாளையத்திலிருந்து என் அம்மா போனிலேயே கற்றாழையை வெட்டச் சொன்னார். உங்கள் மகன் டவுனுக்குப் போய் ரோஜாப்பூப் படம் போட்ட வாசனை சோப்பு வாங்கி வந்தார். எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் பார்த்தோம். பாப்பா குளியலறைக் கதவைப் பார்த்தாலே ஓடத் தொடங்கினாள். நடுவில் நீங்கள் ஒருவர்தான் மருந்தே வேண்டாம் என்றவர்.

"எதுக்குச் சாமி இத்தனை கருமம்? நம்ம போர் தண்ணிய ரெண்டு வேளையும் நல்லா ஊத்து. எளநியாட்டத் தண்ணி. எல்லாம் ஓடிப் போயிரும்."

அந்தத் தண்ணீரைப் பற்றி நான் உங்களுக்கே சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்லத் தோன்றுகிறது. போர் போடுகிற ரிக் வண்டியில் ஊர் ஊராகப் போய் ஆந்திராவிலும் சத்தீஸ்கரிலும் ஆயுசில் பாதியைக் கழித்து, யார் யார் நிலத்திலோ தண்ணீர் எடுத்துக் கொடுத்தவர் நீங்கள். கடைசியில் ஒரு தரம் அந்த வண்டியை நம் வீட்டுப் பொடக்காளிக்கே, பின்கட்டுத் தோட்டத்துக்கே கொண்டுவந்து நிறுத்தினீர்கள். ஊரே வறண்ட கோடையில் சுற்றிலும் எல்லாக் கிணறும் வற்றின. நம் போர் மட்டும் ஓடியது. தெருவே குடத்தோடு நம் வீட்டில் நின்றது. அன்றிலிருந்து ஒறம்பரை, சொந்தபந்தம் யார் வந்தாலும் காப்பிக்கு முன்னால் ஒரு சொம்பு போர் தண்ணீர். "குடிச்சுப் பாருங்க" என்று நீங்கள் எதிரில் நின்றால் யார்தான் முகம் சுளிப்பார்கள்? நல்லாருக்குங்க என்று சொல்லி, உப்பை விழுங்கிவிட்டுப் போவார்கள். நாங்கள் எல்லோரும் தெருக்குழாயில் எப்போதாவது வருகிற காவிரித் தண்ணீரைப் பிடித்து வைத்துக் குடிப்போம்; குளிக்கவும் துவைக்கவும்தான் போர். போர் தண்ணீரை ஆசையாகக் குடித்தது நீங்களும் தென்னை மரங்களும்தான்.

பிறகு திருச்செங்கோட்டில் குழந்தை டாக்டரிடம் போனோம். அந்த அம்மா பாப்பாவின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னதெல்லாம் எனக்கு இன்னும் மனப்பாடம். "பயப்படாதீங்க. வறண்ட தோல், சீக்கிரம் கோவிச்சுக்குற தோல். மாவு, வேப்பிலை, வாசனை சோப்பு எல்லாத்தையும் நிறுத்துங்க. வெதுவெதுப்பான தண்ணியில சுருக்கா குளிப்பாட்டி எடுங்க. தேய்க்க வேண்டாம், துண்டுல ஒத்தி எடுத்தாப் போதும். ஒடம்புல ஈரம் இருக்கும்போதே தேங்காய் எண்ணெய் தடவுங்க. மொதல்ல கை உள்பக்கம் கொஞ்சமாத் தடவி, மறுநாள் செவக்குதான்னு பாத்துக்கோங்க." வெடித்த இடத்துக்கு மட்டும் ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார். தோல் நீர் கசிந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே வரச் சொன்னார்.

நீங்கள் சும்மா இருந்தீர்களா? "டாக்டரம்மா, நம்ம ஊட்டுத் தண்ணி எளநிங்க. எத்தன கொடம் வேணா ஊத்தலாமுங்களா?" என்று கேட்டீர்கள். "கொஞ்சம் போதுங்கய்யா" என்று அவர் சிரித்துவிட்டார்.

ஆனால் வீட்டுக்கு வந்ததும் டாக்டர் சொன்னதற்கு முதல் ஆளாகக் காவல் நின்றவர் நீங்கள்தான். துவைத்துத் துவைத்துப் பூவாகிப் போன உங்கள் வேட்டியைக் கிழித்துத் துண்டாக்கினீர்கள். யாரோ கொண்டுவந்த பளபளப்பு கவுனை, "இது என்ன, தார்பாயா?" என்று கேட்டு அவர்கள் முன்னாலேயே மடித்து வைத்தீர்கள். பாப்பாவை மடியில் போட்டு, கதை சொல்லிச் சொல்லி நகம் வெட்டினீர்கள். ரிக் ராடு பிடித்த கை, குழந்தையின் ஒவ்வொரு நகத்துக்கும் நின்று நின்று வெட்டியது. பாப்பாவின் தோல் கொஞ்சம் தேறியது. முழுக்க ஆறவில்லை.

பொங்கலுக்கு அவளை அம்மா வீட்டுக்குக் கூட்டிப் போனேன். ஜேடர்பாளையத்தில் குழாயைத் திறந்தால் காவிரி. அதே எண்ணெய், அதே வேட்டித் துண்டு, குளிக்கிற தண்ணீர் மட்டும் வேறு. ஒரு வாரம் போவதற்குள் கன்னம் வழவழவென்று ஆகிவிட்டது. கூட்டிப் போக வந்த நீங்கள் பேத்தியைத் தூக்கியதும் அப்படியே நின்றீர்கள். அம்மாவிடம், "என்னங்க போட்டீங்க?" என்று கேட்டீர்கள். ஒன்றுமே போடவில்லை என்று அவர் சொன்னதை நம்பவில்லை. "ஆத்து மீன் குடுத்தீங்களா?" என்று அடுத்த கேள்வி. கடைசியில் மீன்தான் காரணம் என்று நீங்களாகவே முடிவு செய்து, அணைக்கட்டுப் பக்கம் போய் வறுத்த மீன் வாங்கினீர்கள். அதில் பாப்பாவுக்குப் போனது ஒரு கிள்ளுதான்.

ஊர் திரும்பிய சில நாளிலேயே கன்னம் மறுபடி சிவந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. அத்தைக்கும் புரிந்துவிட்டது. உங்கள் மகனுக்கும்தான். ஆனால் யார் சொல்வது? அந்த வீட்டில் குலசாமியைக் கூடக் குறை சொல்லிவிடலாம், போர் தண்ணீரைச் சொல்ல முடியாது. நான் வாயைத் திறப்பேன், அத்தை கண்ணால் அடக்குவார். சொல்லாமல் விட்டால் பிள்ளை சொறிகிறாள், சொன்னால் நீங்கள் உடைந்து போவீர்கள். அந்த நாட்களில் குளிப்பாட்டும்போதெல்லாம் என் கை குழாயில் ஒரு நிமிஷம் நின்று நின்று போகும்.

எங்களுக்கு அந்தச் சங்கடமே வைக்கவில்லை நீங்கள். ஜேடர்பாளையத்தில் மீன் தின்று கை கழுவியபோது சோப்பு பொங்கி நுரைத்ததும், நுரை போகவே பல மக்குத் தண்ணீர் ஊற்றியதும் உங்கள் மனசில் உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. ஒரு காலையில் தென்னை மரத்தடியில் இரண்டு பேசினை வைத்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். ஒன்றில் குடிக்கப் பிடித்து வைத்த காவிரித் தண்ணீர். இன்னொன்றில் உங்கள் போர் தண்ணீர். நடுவில் ஒரு சோப்பு. நானும் அத்தையும் சமையல்கட்டு ஜன்னலில் தலை முட்ட நின்று பார்த்தோம்.

காவிரித் தண்ணீரில் நுரை கையளவு எழும்பியது. போர் தண்ணீரில் தேய்த்தீர்கள், தேய்த்தீர்கள். திரிந்த பால் மாதிரி வெள்ளைத் திப்பிதான் மிதந்தது. எழுந்து போய் வேறு சோப்பு எடுத்து வந்தீர்கள். பேசின் மேல் சந்தேகப்பட்டு அதையும் மாற்றினீர்கள். அதற்குள் பாப்பா ஓடி வந்து நுரை இருந்த பேசினில் இரண்டு கையையும் விட்டு ஊதி, சிரித்துக் கூத்தடித்தாள். அப்புறம் அடுத்ததில் கையை விட்டாள். கலக்கினாள். உங்களை நிமிர்ந்து பார்த்து, "தாத்தா, இதுல வல்ல" என்றாள்.

நாங்கள் யாரும் சொல்லத் துணியாததை அவள் மழலையில் சொல்லிவிட்டாள். கையைத் துடைத்துக்கொண்டு மொபெட்டை எடுத்தீர்கள். காப்பி ஆறிப்போனது. எங்கே போனீர்கள் என்று தெரியாமல் மத்தியானம் வரை வாசலுக்கும் சமையல்கட்டுக்கும் நடந்தேன்.

மத்தியானம் வண்டியின் இரண்டு பக்கமும் கேன் கட்டிக்கொண்டு வந்து நின்றீர்கள். "சித்தெ புடி அம்மிணி. உங்கம்மா ஊட்டுக் கொழாய்ல புடிச்சேன்."

அத்தை விடுவாரா? "எளநி என்னாச்சுங்க?" என்றார்.

"எளநி மரத்துக்குப் போவட்டும். புள்ளைக்கு இதுதான்" என்றீர்கள். முகத்தில் சிரிப்பு இல்லை. ஆனால் குரலில் பிசிறும் இல்லை.

அதன் பிறகு ஜேடர்பாளையத்துக்கு நீங்கள் போன போக்கைப் பார்த்து, தண்ணீருக்குப் போகிறாரா மீனுக்குப் போகிறாரா என்று என் அம்மாவே கேலி செய்தார். மழைக்காலம் வருவதற்குள் மொட்டைமாடியிலிருந்து தொட்டிக்குக் குழாய் இறக்கினீர்கள். முதல் மழையை வெளியே விட்டுவிட்டு அடுத்த மழையைப் பிடித்து, காய்ச்சி, வெதுவெதுப்பாக ஆற்றி, பேத்திக்கென்று தனிக் குண்டா. பாப்பாவின் தோலும் ஆறியது. கதவு நிலைக்கு வேலை இல்லாமல் போனது.

இத்தனையிலும் நான் மறக்காத நாள் சங்ககிரிப் பக்கம் ஒரு காதுகுத்துக்குப் போன நாள்தான். பந்தலில் நுழைந்ததும் வீட்டுக்காரர் உங்கள் கையைப் பிடித்து, "எங்க போரு இவரு போட்டதுங்க, ராசியான கை" என்று எல்லோருக்கும் காட்டினார். அவர் மருமகள் இடுப்பில் ஒரு கைக்குழந்தை. காலெல்லாம் சிவந்து செதில் செதிலாக. நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் குழந்தையைப் பார்த்தீர்கள்.

"ஏனுங்க, போர் நான் போட்டதுதானுங்க. தண்ணி வத்தாது, அதுக்கு நான் பொறுப்பு. ஆனாக் கொழந்தைய மட்டும் அதுல குளிப்பாட்டாதீங்க. உப்பு சாஸ்திங்க. ஆத்துத் தண்ணியோ மழத் தண்ணியோ தனியா எடுத்து வெய்யுங்க. டாக்டருகிட்டயும் ஒருக்கா காட்டிப் போடுங்க. என்ர ஊட்டுலயே எனக்கு இது நேரங்கழிச்சுத்தான் தெரிஞ்சுது. என்ர பேத்தி சொல்லித்தான் தெரிஞ்சுதுங்க."

பந்தலே சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள். ஆயுசுக்கும் சம்பாதித்த பெயரை, யாரோ ஒரு குழந்தையின் காலுக்காக நடுப்பந்தலில் அப்படி இறக்கி வைத்தீர்கள் மாமா. அன்றைக்கு உங்கள் மேல் எனக்கு வந்த பிரியம் சொல்லி மாளாது. அப்போது சொல்லவும் இல்லை. நம் வீட்டில் அதெல்லாம் யார் சொல்கிறோம்? இலையில் உங்களுக்கு இன்னொரு வடை வைக்கச் சொன்னேன், அவ்வளவுதான்.

ஆனால் தோற்றே போகிற ஆளா நீங்கள்? அடுத்த தேங்காய் வெட்டு முடிந்து எண்ணெய் ஆட்டி வந்த காலை. பாப்பாவைக் குளிக்க வைத்து ஒத்தி எடுத்து, ஈரக் காலில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நீங்கள் திடீரென்று தொடையில் தட்டினீர்கள்.

"அம்மிணி, இந்த எண்ண எந்த மரத்துது?"

"நம்ம பொடக்காளி மரத்துதுங்க மாமா."

"அந்த மரம் எந்தத் தண்ணி குடிச்சு வளந்துது?"

எனக்குப் புரிந்து சிரிப்பு வந்துவிட்டது. "உங்க போர் தண்ணிங்க."

"அப்பறம்? என்ர தண்ணி புள்ளைக்கு ஆவாதுன்னு எவஞ் சொன்னது? மரமேறிச் சுத்தி வருது, அவ்வளவுதான்!" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தெருமுழுக்க இதைச் சொல்லக் கிளம்பிவிட்டீர்கள்.

பாப்பா இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். பனிக்காலத்தில் முழங்கை கொஞ்சம் சொரசொரக்கும். அவளே எண்ணெய் எடுத்துப் போட்டுக்கொள்கிறாள். எந்த ஊருக்குப் போனாலும் முதலில் சோப்பை நுரைத்துப் பார்த்து, "தாத்தா பாஸ் போட்டுருவாரு" என்றோ "தாத்தா ஃபெயில் போட்டுருவாரு" என்றோ தீர்ப்புச் சொல்கிறாள்.

இன்றும் சின்னவனுக்கு மழைத் தண்ணீர்தான். உங்கள் குண்டாவில்தான், பொடக்காளித் தென்னையடியில். உங்கள் வேட்டியில் மிஞ்சியிருந்த கடைசித் துண்டால் ஒத்தி எடுத்தேன். புது எண்ணெயை ஈரக் காலில் தடவியதும் கூச்சத்தில் நெளிந்து சிரித்தான். அக்காக்காரி அவன் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, அச்சு அசலாக உங்கள் குரலில், "டேய், இது நம்ம தாத்தா தண்ணிடா, மரமேறிச் சுத்தி வந்துது" என்றாள். அவன் தலைக்கு மேலே தென்னையைப் பார்த்தான், தாத்தா அங்கேதான் இருக்கிறார் என்பது போல.

குளிப்பாட்டி முடித்ததும் மோட்டாரைப் போட்டுவிட்டேன். போர் இன்னும் வற்றவில்லை மாமா. எல்லா மரத்துக்கும் தண்ணீர் பாய்கிறது. சின்னவனுக்கு அடுத்த வருஷத்து எண்ணெய்.