அறுபத்து நான்காவது நாற்காலி

ஜூன் 3, திங்கள்

பயிற்சிக் கடிதம் வந்துவிட்டது. பல்கலைக்கழக நிகழ்ச்சிகளைத் திட்டமிடும் ஊழியர்களுக்கு, நான்கு புதன்கிழமைகள். முடித்தவர்களிலிருந்துதான் தலைமை ஒருங்கிணைப்பாளரைத் தேர்ந்தெடுப்பார்களாம். போட்டி எனக்கும் கலையரங்கப் பொறுப்பாளருக்கும்தான். பத்தொன்பது வருடம் காத்திருந்த பதவி.

"நீ பண்றதையே உனக்கு ஸ்லைடு போட்டுக் காட்டுவாங்க. தூங்காம இருந்தா பாஸ்" என்றார் கணவர். மகள் என் பையில் பென்சிலும் ரப்பரும் போட்டு வைத்திருக்கிறாள். "முதல் பெஞ்சுல உக்காராதம்மா, கேள்வி கேப்பாங்க."

ஜூன் 5, புதன்

பயிற்சியாளருக்கு முப்பது வயதுகூட இருக்காது. நாங்கள் எப்படி வேலை செய்கிறோம் என்று எழுதிக் காட்டச் சொன்னார். என் தாள் வெறுமையாகவே இருந்தது. "எல்லாம் தலையில இருக்கு" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

"அப்ப லீவு போட்டா தலைய ஆபீஸ்ல வச்சிட்டுப் போவீங்களா?"

அறை சிரித்தது. நானும்தான்.

ஜூன் 12, புதன்

வீட்டுப்பாடம்: தவறிப்போன ஒரு நிகழ்ச்சி, அது ஏன் தவறியது, இரண்டு பக்கம். ஒரு பிரதி பதிவாளருக்குப் போகும்.

தவறிப்போன நிகழ்ச்சி என்றதும் எனக்கு ஒன்றுதான் நினைவுக்கு வந்தது. போன செப்டம்பர் பட்டமளிப்பு விழா.

பட்டதாரிகள் பட்டியல் வரிசையில் உட்காருவார்கள். பட்டக் கோப்புகளும் அதே வரிசையில் மேசையில் இருக்கும். அறுபத்து நான்காம் எண் பெண்ணுக்குக் காலில் மாவுக்கட்டு. பாவம் என்று அவளை முதல் நாற்காலிக்கு மாற்றினேன். கோப்பு மேசைக்குச் சொல்லவில்லை. மறந்தேபோனேன். அறுபத்து நான்கு பேர் அடுத்தவர் பட்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு புகைப்படத்துக்குச் சிரித்தார்கள். வெளியே ஒரு அப்பா கோப்பைத் திறந்து பார்த்து, "இது யாரு? என் பிள்ளை பேரு எங்க?" என்று கத்தியது இன்னும் காதில் இருக்கிறது.

கோப்புகளை அடுக்கியவர் எங்கள் எழுத்தர். நேரம் தவறாதவர் என்பதால் எல்லோருக்கும் அவர் 'கடிகாரம்'. "வரிசையாத்தான் அடுக்கினேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். யாரும் நம்பவில்லை. பொருட்கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள்.

நாற்காலியை மாற்றினீர்களா என்று என்னை யாரும் கேட்கவில்லை. அடுத்த வாரம் சொல்லலாம் என்று இருந்தேன். ஒன்பது மாதம்.

ஜூன் 13, வியாழன்

கருத்தரங்கில் மைக் பழுதான கதையை எழுதி அனுப்பிவிட்டேன். யாருக்கும் வலிக்காத தப்பு.

ஜூன் 19, புதன்

மைக் கதை பயிற்சியாளரிடமிருந்து திரும்பி வந்தது. ஓரத்தில் பென்சிலால் ஒரே வரி: 'இதில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்?'

ஜூன் 21, வெள்ளி

கிடங்குக்குப் போனேன். தேர்வுக் கட்டடத்தின் அடித்தளம். பழைய காகித வாசனை, ஒரு குழல்விளக்கு. கடிகாரம் நாற்காலி உறைகளை எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணி முடித்துக் கட்டினார், அவிழ்த்தார், முதலிலிருந்து எண்ணினார். மூன்றாவது தடவையும்.

"வாங்க மேடம். இங்க ஒரு வசதி, எது காணாமப் போனாலும் யாரும் அழமாட்டாங்க."

"ஏன் சார் மூணு தடவை?"

"கண்ணு ஏமாத்துது. விழாவுக்கு அப்புறம் டாக்டர்கிட்ட காட்டினேன், பார்வை சரியாத்தான் இருக்குன்னாரு. அப்ப மூளைதான். வீட்ல மாத்திரைகூட பொண்டாட்டிதான் எண்ணிக் குடுக்கறா."

அவர் தன்னையே நம்பாமல் போயிருப்பார் என்று நான் நினைக்கவேயில்லை. பழிதான் அவர் மேல் என்று நினைத்தேன். பழியோடு போயிருந்தால்கூட —

சொல்லிவிட்டேன். நின்றபடியே. மாவுக்கட்டு, முதல் நாற்காலி, எல்லாம்.

உறைக்கட்டைக் கீழே வைத்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"எழுத்துல குடுங்க மேடம்" என்றார். மறுபடி குனிந்து எண்ண ஆரம்பித்தார்.

ஜூன் 22, சனி

கணவரிடம் சொன்னேன். "பதவி கையில வர்ற நேரத்துல எதுக்கு இது? முடிஞ்ச கதை" என்றார்.

"யாருக்கு முடிஞ்சது? அவரு மாத்திரைய எண்ண முடியாம உக்காந்திருக்காரு. நான் பாட்டுக்கு ப்ரமோஷன் வாங்கிட்டு வந்து உங்களுக்கு ஸ்வீட் குடுக்கவா?"

அவர் எழுந்து உள்ளே போனார். சற்றுப் பொறுத்து என் கண்ணாடியையும் பேனாவையும் சாப்பாட்டு மேசையில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

ஜூன் 26, புதன்

இரண்டு பக்கம் கேட்டிருந்தார்கள், முக்கால் பக்கத்தில் முடிந்துவிட்டது. முதல் வரி: 'நாற்காலியை மாற்றியது நான்.' மூன்று பிரதி: பயிற்சியாளருக்கு, பதிவாளருக்கு, கிடங்குக்கு.

பயிற்சியாளர் வகுப்பில் அதைப் படித்துக் காட்டவில்லை. போகும்போது மட்டும், "அந்த மேசைக்கு இனிமே எப்படிச் சொல்லுவீங்க? அதையும் எழுதிடுங்க" என்றார். பாராட்டு கிடைக்கும் என்று எதிர்பார்த்தேனோ? கொஞ்சம் எதிர்பார்த்தேன்தான். பேருந்தில் வரும்போதே ஒரு மாற்றச் சீட்டு வரைந்தேன்: எந்த எண், எங்கிருந்து எங்கே, யார் கையெழுத்து.

ஜூலை 15, திங்கள்

பதிவாளர் கூப்பிட்டார். "நேர்மைய மதிக்கிறேன். ஆனா ஒன்பது மாசம் ரொம்ப அதிகம்மா" என்றார். அதிகம்தான். தலைமை ஒருங்கிணைப்பாளர்: கலையரங்கப் பொறுப்பாளர். கடிகாரம் பழைய இடத்துக்கே திரும்புகிறார், பணிக்கோப்பில் பல்கலைக்கழகத்தின் மன்னிப்புக் கடிதத்தோடு.

வீட்டுக்கு வந்து முகம் கழுவினேன். வருத்தம் இருக்கிறது. இல்லை என்று இங்கேயாவது பொய் எழுத வேண்டாம்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

கடிகாரம் என்னோடு தேநீர் குடிக்க வருவதில்லை. கேட்டால், "வேலை இருக்கு மேடம்." இருக்கட்டும்.

செப்டம்பர் 14, சனி

பட்டமளிப்பு விழா. காலை ஏழே முக்காலுக்கு, நூற்றுப் பதினெட்டாம் எண் பெண் மெல்ல நடந்து வந்தாள். நிறைமாதம். "படிக்குப் பக்கத்துல ஒரு இடம் கிடைக்குமா மேடம்? முதல் ஆளா வாங்கிட்டு உக்காந்துடறேன்."

நாற்காலியைத் தொடவில்லை. நேரே கோப்பு மேசைக்குப் போனேன். நான் வாய் திறப்பதற்குள் கடிகாரம் மாற்றச் சீட்டை என் பக்கம் நகர்த்தினார். எழுதினேன், கையெழுத்துப் போட்டேன். வாங்கி ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். நூற்றுப் பதினெட்டாம் கோப்பை உருவி மேலே வைத்தார். பிறகு விரல் நுனியால் எண்ணிக்கொண்டே அந்த இடைவெளி வரை போனார்.

திரும்ப எண்ணுவார் என்று நின்றேன்.

அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

"அவ்வளவுதான் மேடம். நாற்காலிய மாத்துங்க."