டாக்டரய்யா என்று கூப்பிட்டார்கள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. என்னைப் பற்றி அப்படி எழுத முடியவில்லை. எதிர்வீட்டுத் தையல்காரர் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறார். திங்கட்கிழமை காலையில் வந்து, தோள்பட்டை இழுக்குது, வேர்வையா ஊத்துது என்றார். நான் நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, வாயுதான், ஒண்ணும் பயமில்லை என்று ஒரு மாத்திரை கொடுத்து அனுப்பினேன். டாக்டரய்யாவே சொல்லிட்டாரு என்று தெம்பாகப் போய் மிஷினில் உட்கார்ந்தவர், மத்தியானம் தைத்துக்கொண்டிருந்த சட்டை மேலேயே சாய்ந்துவிட்டார். மாரடைப்பு. காலையிலேயே கொண்டுவந்திருந்தால் இவ்வளவு சேதம் ஆகியிருக்காது என்று அங்கே சொன்னார்களாம்.

நான் பெரிய டாக்டர் கிளினிக்கில் முப்பது வருஷம் மருந்து கலக்கிக் கொடுத்த கம்பவுண்டர், அவ்வளவுதான். நம் ஜனங்களுக்கு யாரையும் பேர் சொல்லிக் கூப்பிட நாக்கு கூசும், மீட்டர் பார்க்க வருகிறவர் சார், மருந்து வாடை அடித்தால் டாக்டர். அவர் காலமாகி கிளினிக்கை மூடிய பிறகும் ஆட்கள் நம் வீட்டைத் தேடி வந்தார்கள். ஒரு அம்மா முதன்முதலாக டாக்டரய்யா என்றபோது பதறிப்போய் மறுத்தேன். அப்புறம் மறுக்கச் சோம்பலாக இருந்தது. அப்புறம் பிடித்துப்போனது, உள்ளதைச் சொல்கிறேன். யாராவது வெறும் அண்ணே என்றால் முகம் சுருங்கும் அளவுக்கு வந்துவிட்டேன். உன் அம்மா மட்டும்தான், டாக்டருக்கு நல்ல கத்தரிக்காய் பாத்து வாங்கத் தெரியலையே என்று கிண்டல் செய்வாள். இப்போது அவளும் செய்வதில்லை.

கொடுமை என்னவென்றால், தையல்காரர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்க குடுத்த மாத்திரையிலதான் உசுரு தங்குச்சு டாக்டரய்யா என்று அழுதாள். எனக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. இன்று காலை ஆஸ்பத்திரி வராந்தாவில் அவளிடம், நான் டாக்டரே இல்லை, வாயு என்று சொன்னது என் தப்பு என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டவில்லை. சரி கம்பவுண்டர், போய்ட்டு வாங்க என்றாள்.

புது வேலையில் எல்லோரும் மேடம் என்கிறார்கள் என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அது மட்டும் தடையாக இருக்க வேண்டாம், அம்மா. இருவரும் நோய் நொடி இல்லாமல் நன்றாக இருங்கள், என் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. மறக்காமல் தையல்காரர் வீட்டுக்கு ஒரு போன் போட்டு, கண் திறந்தாரா என்று கேட்டு எனக்குச் சொல். தெருவைத் தாண்டினால் அவர்கள் வீடு, எனக்குப் போய்க் கேட்கக் கால் எழவில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா